பிரின்சிபால் வேஷம்

எம் பொண்ணுக்கு எல்.கே.ஜி சீட்டு வேணும்னா அப்பா, அம்மா ரெண்டு பேரும் இன்டர்வியூக்கு வரணும்னுட்டாங்க, வானகரம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல. அதுவும் இங்கிலீஷ்லதான் பேசணுமாம். எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஊட்டுக்காரருக்கு லேத்துப் பட்டறையில வேல. "நீயே பேசு, நான் பக்கத்துல குந்திகினு கீறேன்"னுட்டாரு. நல்லா கீது நியாயம்!

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். அங்க போய்ச் சேர்ந்தேன். புஸ்தகமெல்லாம் கிடையாது, அந்த மிஸ் நாடகம் போட்டுத்தான் பேச வைப்பாங்க. என் தலையெழுத்து, அந்த மாசம் நாடகமே ஸ்கூல் இன்டர்வியூதான். என்னைய அம்மாவா நடிக்கச் சொன்னாங்க. நாற்காலியில உக்காந்ததும் நாக்கு மேல ஒட்டிக்கிச்சு, கண்ணுல தண்ணி. அவமானம் தாங்கல.

"மிஸ், நான் பிரின்சிபாலா நடிக்கிறேன்"னு கேட்டு வாங்கிக்கினேன். கேள்வி கேக்கறதுக்கு என்ன பயம்? தண்ணி லாரிக்காரனையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறவ நான். மாசம் பூரா மேஜைக்கு அந்தப் பக்கமே குந்திகினு, அம்மாவா நடிச்ச பொண்ண மிரட்டு மிரட்டுன்னு மிரட்டினேன். மிஸ் தெனமும் "மாத்தி உக்காரும்மா"ம்பாங்க. நாளைக்கு மிஸ், நாளைக்கு மிஸ்னு தள்ளிட்டேன்.

ஸ்கூல் வாசல்ல நிக்கும்போதுதான் ஒறச்சுது. அடிப்பாவி, பதில் ஒண்ணுகூட நான் வாயால சொன்னதே இல்லையே!

உள்ள போனோம். பொண்ணு என் முந்தானைய இறுக்கிப் புடிச்சுகினு நிக்கிது. ஊட்டுக்காரரு தரையப் பாத்துகினு குந்திட்டாரு. பிரின்சிபாலம்மா என்னமோ கேட்டாங்க. காதுல உழுது, மண்டையில ஏறல. ஏதாச்சும் பேசியே ஆகணும்னு வாயத் தொறந்தேன்.

"ஹௌ மெனி சில்ட்ரன்?"

நான் கேக்கறேன், அவங்கள! அதுவும் கிளாஸ்ல மிரட்டுன அதே கொரல்ல. ஊட்டுக்காரரு கண்ண மூடிக்கினாரு. போச்சு, சீட்டு போச்சு. ஆனா அந்தம்மா ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, ஒரு கிளாஸுக்கு முப்பது புள்ளைங்கன்னு பதில் சொன்னாங்க. நிறுத்தத் தெரியாம அடுத்ததயும் கேட்டுட்டேன். "வொய் திஸ் ஸ்கூல்?"

அந்தம்மா பேனாவக் கீழ வெச்சாங்க. "அத நீங்கதான் சொல்லணும்"னு இங்கிலீஷ்ல மெதுவாச் சொன்னாங்க.

பிரின்சிபால் வேஷத்துல பதில் வரியே கிடையாதே. எனக்கு இங்கிலீஷ்னா பயம் மேடம், எம் பொண்ணுக்கு அந்தப் பயம் வேணாம்னு தப்புத் தப்பா இங்கிலீஷ்ல சொன்னேன். சொல்லும்போதே அழுதுட்டேன்.

அப்புறம் அந்தம்மா அட்மிஷன் ஃபாரத்த என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னாங்க. எந்த பாஷையில போடறதுன்னு கேக்கக்கூடப் பயம். தமிழ்லயே போட்டேன்.