ஃபிரிட்ஜ் விலை இரண்டு முறை மாறிய நாள்

கடை கடையாகப் போய் விலை கேட்பதுதான் புள்ளியியல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், செல்போன். மாதாமாதம் அதே கடை, அதே மாடல். போன மாதத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவள் குறித்துக் கொடுப்பதை வைத்துப் பணவீக்கத்தைக் கணக்கிடுவார்கள். எதையும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை கேட்பதால் கடைத்தெருவில் அவளுக்கு 'சும்மா பாக்குறவங்க' என்று பெயர். அது காதில் விழுந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

அந்த வருடம் பணத்தின் மதிப்பு சரிந்து, சாமான்களின் விலை கிடுகிடுவென ஏறியது. பழைய விலைச்சீட்டைக் கிழிக்கக்கூட நேரமில்லாமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினார்கள்.

அன்று அவள் பெரிய கடையில் ஃபிரிட்ஜ் வரிசைக்கு முன்னால் நின்று டேப்லெட்டில் விலையைக் குறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி வேகமாக உள்ளே வந்தான். முன்பணம் கட்டி வைத்திருந்த ஃபிரிட்ஜை எடுத்துப் போக வந்தவன் அவன்.

"காலைல போன்ல விலை ஏறிடுச்சுன்னு ஒரு விலை சொன்னீங்க. இப்ப வேற சொல்றீங்க?"

"காலை விலை காலையோட போச்சு. வேணாம்னா முன்பணத்த வாங்கிட்டுப் போங்க," என்றார் கடை முதலாளி, நிமிர்ந்தும் பார்க்காமல்.

"அம்மாவுக்குப் போடுற ஊசி மருந்த அதுலதான்யா வைக்கணும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

தொழிலாளி அவர் சட்டையைப் பிடித்தான். முதலாளி ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தார். அவன் கம்பியைப் பிடுங்கி, முதலாளியின் முழங்காலைப் பார்த்து வீசினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் மளமளவென்று உள்ளே புகுந்தார்கள். கண்ணெதிரே டி.வி.கள் நொறுங்கின. செல்போன்களை மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்களை மற்றவர்கள் மறித்து அடித்துப் பிடுங்கினார்கள். கண்ணாடித் துண்டுகளின் மேல் யாரோ வழுக்கி விழ, அவன் முதுகை மிதித்துக்கொண்டே கூட்டம் போனது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த டேப்லெட்டை எவனோ பார்த்துவிட்டான்.

"இவதான் வந்து வந்து விலைய ஏத்திட்டுப் போறவ."

"நான் ஏத்தலங்க, எழுதிட்டுதான் போறேன்," என்று அவள் சொல்வதற்குள் தொழிலாளி அவள் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். விலாவில் உதை விழுந்தது. இரண்டாவது உதையில் மூச்சு அடைத்துக்கொண்டது. தரையில் சிதறிக் கிடந்த ஒரு இஸ்திரிப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு பலம் அத்தனையையும் கூட்டி மேல் நோக்கி வீசினாள். சூடில்லாத இரும்பின் முனை அவன் முகத்தில் ஏறியது. அவன் அலறவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. அவள் மறுபடியும் கையை ஓங்கினாள். கடையின் விற்பனைப் பெண் ஓடி வந்து பிடித்திராவிட்டால் அவன் உயிர் போயிருக்கும். அது அவளுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவள் விலாவுக்குக் கட்டுப் போட்டார்கள். அவனுக்கு இடது கண் போய்விட்டது. மறுநாள் அவன் மனைவி அவள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"நீங்கதானா?"

"நான்தாம்மா."

"அவரு உங்கள அடிச்சாரா?"

"முடியப் புடிச்சு இழுத்து ஒதைச்சாரு."

"வீட்டுல என்மேல கூட அந்த மனுஷன் கை ஓங்குனதில்ல," என்றாள் மனைவி. அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை; திரும்பிப் போய்விட்டாள். உடம்பு வலியைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

இரண்டு பக்கமும் போட்ட வழக்குகள் சமாதானத்தில் முடிந்தன. அதிகாரி அவளைக் காய்கறிச் சந்தைக்கு மாற்றுவதாகச் சொன்னார்.

"சந்தைல மட்டும் விலை ஏறலயா சார்?" என்று கேட்டாள். அவர் மாற்றல் தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார்.

விலா ஆறியதும் அதே தெருவில் வேறொரு கடைக்குப் போனாள். கூட வந்த அவள் கணவர் ஸ்கூட்டரோடு வாசலிலேயே நின்றார். ஃபிரிட்ஜ் பக்கம் போனதும் ஒன்றின் கதவைத் திறந்தாள். காலியாயிருந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விற்பனையாளனைக் கூப்பிட்டு விலை கேட்டாள்.