சீசன் முடியும்வரை கத்துக்குட்டி

பந்தயக் கடையில் சீட்டு எழுதுகிறவன் குதிரையைப் பார்ப்பதே இல்லை. குதிரைக்குப் பின்னால் ஓடுகிற மனிதர்களைத்தான் பார்க்கிறான்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்கு ராக்காவல். இங்கிலீஷ் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, தோல் கட்டுகளைச் சுற்றி வரும் பழைய பேப்பரில். பகலில் படுத்தாலும் தூக்கம் வராது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் மனசு வேண்டாத இடத்துக்கெல்லாம் போய் நிற்கும். அதற்குப் பயந்தே, பெங்களூர் சீசன் வந்தால் சனிக்கிழமைகளில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த நாயுடு கடையில் போய் உட்காருவேன். முன்பக்கம் வெற்றிலை பாக்கு, பின்பக்கம் பந்தயம். ரேஸ் புத்தகத்தைத் தமிழில் படித்துச் சொல்வதும் சீட்டு எழுதுவதும் என் வேலை. ஜெயித்த குதிரையின் பெயர் சாயங்கால ரயிலில்தான் வரும்.

கடை வாசலில் ஜட்கா வண்டி ஓட்டும் முனுசாமியின் பெண்குதிரை ராணி நிற்பாள். பழைய கடனுக்கு அவளை நாயுடுவிடம் அடகு வைத்திருந்தான். சீசன் முடிவதற்குள் மீட்காவிட்டால் ராணி நாயுடுவுக்கு, முனுசாமி தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு. அடுத்தவன் குதிரைக்காகத் தூக்கத்தைத் தொலைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், தள்ளி உட்காராமல் பக்கத்தில் வாருங்கள்.

ஒன்பது வயசுக் கத்துக்குட்டி

பட்டாளத்துத் துரைமார்கள் தடை தாண்டும் பந்தயம் நடத்துவார்கள். அதில் 'நாவிஸ்' என்று ஒரு வகை. நான் அதற்குக் 'கத்துக்குட்டி' என்று தமிழ் சொன்னேன். எல்லா வினையும் அந்த ஒரு வார்த்தையிலிருந்து வந்ததுதான். கத்துக்குட்டி என்றால் குட்டிதானே என்று எல்லோரும் இருப்பதிலேயே இளசாகப் பார்த்துப் பணம் கட்டினார்கள். ஒன்பது வயசுக் குதிரை ஒன்று ஜெயித்துவிட்டது.

சாயங்காலம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "வயசு கணக்கில்லை. சமதரையில் எத்தனை பந்தயம் ஜெயித்திருந்தாலும் அதுவும் கணக்கில்லை. சீசன் தொடங்குகிற வரைக்கும் தடை தாண்டி ஒரு தடவைகூட ஜெயிக்காத குதிரை எல்லாமே கத்துக்குட்டி" என்று தொண்டை வற்றச் சொன்னேன். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்க்கும் சின்னப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "இன்னாய்யா இது, எங்க தாத்தாவை இட்டாந்து ஒண்ணாங்கிளாஸ்ல குந்த வெச்ச மாதிரி இருக்குது?"

தோற்றவனுக்கு என்றும் இடம் உண்டு

இந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம். ஜெயிக்காத குதிரைக்கு வாசல் மூடுவதே இல்லை. வருஷா வருஷம் வந்து, தடையில் காலைத் தட்டிக்கொண்டு, கடைசியாக வந்து சேரும் ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. சின்னப்பன் அதன்மேலேயே கட்டுவான். தடையெல்லாம் பழகியாச்சு, பக்கத்தில் ஓடுவதெல்லாம் புதுசு, என்றைக்காவது ஜெயித்துத்தானே ஆகவேண்டும் என்பது அவன் வாதம். பிழை சொல்ல முடியாத வாதம்தான். குதிரைக்குத்தான் அது புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை அது ஓடவே மறுத்து, தடைக்கு முன்னால் நின்று புல் மேய்ந்ததாக ரயிலில் செய்தி வந்தது. சின்னப்பன் சீட்டைக் கிழித்துப் போட்டான். "தோத்துக்கினே இருந்தா சேத்துக்குவாங்கன்னா அடுத்த தபா என் பேரை எழுதும்யா, நானே ஓடறேன்."

நாயுடு போட்ட சட்டம்

சீசன் நடுவில் ஒரு ரகளை. கத்துக்குட்டிப் பந்தயம் ஒன்றில், அந்த சீசனில் ஏற்கெனவே ஜெயித்த குதிரை மறுபடியும் ஜெயித்துவிட்டது. "அது எப்படிக் கத்துக்குட்டி? எங்க பணத்தைத் திருப்பிக் குடு" என்று தோற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். நாயுடு என்னிடம் சட்டத்தை ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு வெற்றிலைக் கூடையைத் தள்ளிவிட்டுப் பெஞ்சுமேல் ஏறி, கையை உயர்த்தி முழங்கினார்: "சீசன் தொடங்கறப்ப கத்துக்குட்டின்னா, சீசன் முடியற வரைக்கும் கத்துக்குட்டி! அந்தே!" 'அந்தே' என்றால் தெலுங்கில் 'அவ்வளவுதான்'.

அப்படி ஜெயித்த குதிரைக்கு ஒரு தண்டனை மட்டும் உண்டு, சேணத்தில் கூடுதலாக ஈயம் வைப்பார்கள் என்று நான் சொன்னேன். தோல் மண்டிக் காதர் பாய் மூலையில் உட்கார்ந்திருந்தார். பந்தயம் கட்டவே மாட்டார். வேடிக்கை பார்க்க மட்டும் ஒரு சனிக்கிழமை தவறாமல் வருவார். தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "குதிரைங்க உலகத்துல நியாயம் ஜாஸ்திப்பா, ஜெயிச்சவன் முதுகுல பாரம் ஏத்துறான், நம்ம ஊர்ல தோத்தவன் முதுகுல ஏத்துறோம்."

ராணியின் சனிக்கிழமை

கடைசி சனிக்கிழமை. முனுசாமி வந்து, அன்றைய கத்துக்குட்டிப் பந்தயத்தில், சீசனின் முதல் நாளே ஜெயித்திருந்த ஒரு கறுப்புக் குதிரைமேல் ராணியைப் பணயம் வைத்தான். ஜெயித்தால் கடன் தீர்ந்தது, தோற்றால் அன்றைக்கே ராணி நாயுடுவுடையது. அந்தக் கறுப்புக்கு ஈயம் ஏற்றியிருக்கிறார்கள், வேண்டாம் என்று கெஞ்சினேன். "உனக்கின்னா தெரியும்? வண்டி காலியா இருந்தா ராணி தாறுமாறா துள்ளுவா. நாலு பேர் ஏறினா நிதானமா கால் வெப்பா. பாரம் இருந்தாதான் குதிரைக்குப் புத்தி வரும்" என்றான். ஜட்காவுக்கும் ரேஸுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நாயுடு சந்தோஷமாகச் சீட்டு எழுதச் சொன்னார். எழுதினேன்.

ரயில் வந்தது. எங்களுக்குச் செய்தி கொண்டுவரும் சோடாக்காரன் வண்டி நிற்பதற்குள் கத்தினான்: "முன்னால பறந்த ரெண்டும் கடைசித் தடையில உருண்டுடுச்சு! கறுப்பு மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிதானமா தாண்டிடுச்சு!" முனுசாமி ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

நாயுடு முகம் சுண்டிப்போயிற்று. மெதுவாக ஆரம்பித்தார். "ஏமய்யா, அது ஏற்கெனவே ஜெயிச்ச குதிரை. கத்துக்குட்டிப் பந்தயத்துல ஓடினதே தப்பு. பந்தயம் செல்லாது." செல்லாது என்றால் கடன் அப்படியே நிற்கும், சீசனோ அன்றைக்கு முடிகிறது, ராணி போய்விடுவாள். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பன் அதே பெஞ்சுமேல் தாவி ஏறினான். கையை நாயுடு மாதிரியே உயர்த்தினான். "சீசன் தொடங்கறப்ப கத்துக்குட்டின்னா..." என்று இழுத்தான். கடை மொத்தமும் நாயுடுவின் குரலிலேயே முடித்தது: "சீசன் முடியற வரைக்கும் கத்துக்குட்டி! அந்தே!" பந்தயமே கட்டாத காதர் பாயின் 'அந்தே'தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

நாயுடுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடகுச் சீட்டைக் கிழித்து ராணியின் காலடியில் போட்டார். அன்றைக்கு ஜட்காவில் எங்களை ஏற்றிக்கொண்டு முனுசாமி ரயிலடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ராணி அவன் சொன்ன மாதிரியே நிதானமாகக் கால் வைத்தாள். நாயுடு கடை வாசலில் நின்று கத்தினார்: "ஒரேய் காவல்காரா, அடுத்த வருஷம் அந்த வார்த்தைக்கு வேற தமிழ் கண்டுபிடிச்சுட்டு வா!"

வேறு தமிழ் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒன்றுதான்: சொந்த வாழ்க்கையில் இன்னும் ஒரு தடையும் தாண்டி ஜெயிக்காத நான் சட்டப்படி கத்துக்குட்டிதான், அதனால் எனக்கும் அடுத்த சீசனில் இடம் உண்டு.