பெரியம்மா தட்டினாள்

என் மாமா ஒரு பொய்யர். நானும்தான். ஆனால் அப்போது எனக்குப் பத்து வயது, அவருக்கு முப்பத்தைந்து. இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. பெரியம்மா இருவருக்கும் மூத்தவள். மரக்காணம் உப்பளத்தில் அவளுக்கு வேலை. மாமாவிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. காலையில் உப்பள ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார், பிறகு உப்பு மூட்டை ஏற்றுவார். அம்மா குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பாத்திரம் துலக்கினாள். முழுப் பரீட்சை லீவில் என்னை வீட்டில் தனியாக விட முடியாது. அதனால் நானும் உப்பளத்துக்குப் போனேன். பெரியம்மா பின்னால் நின்றுகொண்டு வருவாள். நான் முன்னால், மாமா பக்கத்தில், ராணி மாதிரி.

அந்த வருடம்தான் மாமா வண்டிக்கு ஆம்ப்ளிஃபயர் வைத்தார். என் சீட்டுக்கு அடியில் ஆம்ப், முதுகுக்குப் பின்னால் பேஸ் பாக்ஸ். பாண்டியில் ஒரு கடையில் மாட்டினார்கள். கடைக்காரர் பாட்டை முக்கால் சவுண்டில் ஓடவிட்டு, ஆம்ப்பில் இருந்த சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பாட்டு கரகரக்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஒரு நூல் பின்னுக்குத் திருப்பினார். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு போட்டார்.

"இது சவுண்டு ஏத்துற திருகு இல்லண்ணே, அளவு வெக்கிற திருகு. இத்தோட வுட்டுடுங்க. யாரும் கை வெக்க வேணாம்."

"யாரு வெக்கப் போறா?" என்றார் மாமா.

ஒரு வாரத்தில் நான் வைத்தேன். அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது. என் கை சீட்டுக்கு அடியில் சுலபமாக நுழைந்தது. "பாப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்பார். ஏற்றுவேன். கதவுத் தகடு அதிரும். பின்னால் சாய்ந்து நிற்கும் பெண்கள் கத்துவார்கள். "டேய், முதுகெலும்பு கழண்டுக்கினு வருதுடா, கொறைடா!"

"மசாஜ் ஃப்ரீ! அனுபவிச்சிக்கினு வாங்க!"

பின்னால் நிற்பவர்கள் டிரைவரிடம் பேச ஒரே வழிதான் இருந்தது. கேபின் கூரையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினால், நிறுத்து என்று அர்த்தம். அவரவர் பாத்தி வந்ததும் தட்டி இறங்கிக்கொள்வார்கள். பெரியம்மா கடைசி ஆள். ஒருநாள் மோட்டார் கொட்டகை பக்கத்தில் வேலை, இன்னொரு நாள் அதற்கும் அப்பால். எங்கே இறங்குவாள் என்று அவள் தட்டினால்தான் தெரியும்.

அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பின்னால் பெரியம்மா மட்டும். கத்துவதற்கு ஆள் இல்லை என்பதால் மாமா, "இப்ப முழுசா ஏத்து" என்றார். வெள்ளைக் கோட்டை எங்கேயோ விட்டுவிட்டு, திருகு முடிகிற வரைக்கும் திருப்பினேன். பக்கத்தில் பேஸ் திருகு இருந்தது. அதையும் திருப்பினேன். கேபினே வயிறு மாதிரி உப்பி அமுங்கியது. அப்போது தலைக்கு மேலே இரண்டு அடி விழுந்தது. தாளத்தில் சேராத அடி. அது எனக்கு நன்றாகக் கேட்டது. பேஸ்தான் கூரை வரைக்கும் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

"மாமா, சூப்பரா வருது!"

மாமா சிரித்தார். கொட்டகை பக்கத்துப் பள்ளத்தில் வண்டி மெதுவாக இறங்கியது. தட்டியாயிற்று, நிற்கப்போகிறது என்று பெரியம்மா காலைக் கீழே வைத்தாள். மாமா கியரை மாற்றி இழுத்தார்.

கண்ணாடியில் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினார். அவள் கரையோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பு உடைந்திருந்தது. ஆனால் மாமா உடனே இறங்கவில்லை. பாட்டை அணைத்தார். குனிந்து, என் காலுக்கு நடுவில் கையை விட்டு, திருகைத் தடவித் தடவிப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.

"யாரு கேட்டாலும் பாட்டு ஓடலன்னு சொல்லு. நீ ஏத்துனன்னு தெரிஞ்சா உங்கம்மா உன்ன கொன்னுடுவா."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று நம்பினேன். உப்பள முதலாளி கேட்டார், பாட்டு ஓடவில்லை என்றேன். அம்மா கேட்டாள், அதையே சொன்னேன். ஆஸ்பத்திரியில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ முன்னாடிதான கண்ணு இருந்த? நான் ரெண்டு தட்டு தட்டினேன்ல? உனக்குக் கேட்டுச்சில்ல?"

மாமா கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"இல்ல பெரிம்மா. ஒண்ணும் கேக்கல."

அவள் என் கையை விட்டாள். பிறகு, "அப்ப தட்டினதா நானே நெனச்சிக்கினேன் போல" என்றாள்.

அதோடு உப்பள வேலை போனது. தட்டாமலே ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள் என்று ஊரில் அவளுக்கு 'குதிச்சவ' என்று பேர் வந்தது. பார்சல் கொண்டுவருகிற பையன்கூட, "குதிச்சவங்க வீடு இதுதானுங்களா?" என்று கேட்கிறான். போன வாரம் மாமா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். சாப்பாட்டுப் பந்தியில், "எங்கக்கா பஸ்சுக்கே ஸ்டாப்பிங் பாக்க மாட்டா, ரன்னிங்லயே எறங்குவா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். பெரியம்மாவும் சிரித்தாள். நான் பாதியிலேயே இலையை மூடினேன்.

இடுப்பு ஒடிந்ததுதான் அவளுக்கு வந்த கஷ்டம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கேஸை அணைத்துவிட்டு வந்து, "அணைச்சேனாடி?" என்று என்னிடம் கேட்கிறாள். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "பூட்டிட்டேனா பாரு" என்கிறாள். தன் கை செய்த வேலையை அவளால் நம்ப முடியவில்லை. அந்த நம்பிக்கையைப் பிடுங்கியது வண்டி இல்லை. ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பதில். ஒரு திருகைத் திருப்பியதற்குத் திட்டு விழாமல் தப்பித்தேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பத்து வயதில் அவ்வளவுதான் தெரிந்தது.

மாமா, அவள் தட்டினாள். எனக்குக் கேட்டது. வருகிற திங்கட்கிழமை காலையில், உப்பள ஆட்கள் வண்டி ஏறுகிற இடத்துக்கு வருகிறேன். பெரியம்மாவையும் கூட்டி வருகிறேன். அத்தனை பேருக்கும் முன்னால், நான் பொய் சொன்னேன் என்று முதலில் நான் சொல்கிறேன். அடுத்து நீங்கள் சொல்ல வேண்டும். அன்றைக்கு உங்களுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?