பகடைமேல் வைத்த கை

அமெரிக்காவின் டுலூத் நகரில் பேருந்து ஓட்டும் மார்லிஸ், பதினாறு வருஷமாகச் சனிக்கிழமை மதியங்களை நூலகத்தின் கீழறையில்தான் கழிக்கிறாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டை நடத்துவது அவள். ஆட வரும் பையன்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள்; கதையில் வரும் மற்ற காவலர், அரசர், பூதம் எல்லாருக்கும் அவளே குரல். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடையில் விழும் எண் சொல்லும்.

அன்று பிரென்ட் ஆடும் திருடன் சிறையில் இருந்தான், விடிந்தால் தூக்கு. சிறை வாசலில் நின்றது ஒடெல் ஆடும் பாடகன், பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் ஒடெல், வந்து சேர்ந்த ஐந்து வாரமாக வாயே திறக்காதவன். “பேசிப் பாக்கறேன்” என்று முனகியபடி இருபது முகப் பகடையை எடுக்கப் போனான்.

மார்லிஸ் அதன்மேல் கையை வைத்தாள். “என்ன நடக்கணும், அத முதல்ல சொல்லுப்பா.”

“காவல்காரன்... யாருக்கும் அடிபடாம கதவத் திறக்கணும்.”

“பேசிக் காட்டுடா. என் கழுத்துடா அது,” என்றான் பிரென்ட்.

“போன வாரம் உன் திருடன் பூட்டத் திறந்தப்ப, உன்ன இந்த லைப்ரரி கதவத் திறந்து காட்டுன்னு கேட்டேனா?” என்றாள் மார்லிஸ். பிரென்ட் சிப்ஸ் பொட்டலத்துக்குள் கையை விட்டுக்கொண்டான். “பதிமூணாவது விழணும், ஒடெல்.”

பதினொன்று விழுந்தது. ஒடெலின் காது சிவந்தது.

தோற்றால் கதையை அங்கேயே நிறுத்துவது மார்லிஸின் வழக்கமில்லை. கேட்டதைக் கொடுப்பாள், கூடவே ஒரு விலையும் வைப்பாள். காவலனின் கரகரத்த குரலில் சொன்னாள்: “திறக்கறேன். ஆனா ராஜா கேட்டா உன்னக் காட்டிக்குடுப்பேன். உன் பேர் என்ன?”

ஒடெல் நிமிர்ந்து, பாடகனாகவே பதில் சொன்னான். “மெரோவின். ராஜா கேட்டா தாராளமா சொல்லு, பாட்டு வேணும்னா அவரையே வரச் சொல்லு.”

பிரென்ட் மெல்லுவதை நிறுத்தினான்.