கேத்தல் சத்தத்துக்குப் பின் வரும் பெயர்

அந்தக் கசற்றைப் போட்டதும் முதலில் கேட்பது கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். பிறகு உட்காருவதற்குக் கதிரை ஒன்று நகரும். பிறகு மேல்மாடி அன்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மெட்டு எனக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்லுவார். அதற்குப் பிறகுதான் கிற்றார் தொடங்கும். பாதம் தரையில் தாளம் போடுவதும் கூடவே கேட்கும்.

லண்டனில், லூயிஷாமில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே அவர் இருந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து இளம் வயதில் தாதி வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலுக்குத்தான் அவரும் வருவார். ஆனால் முதலில் பேசியது கோயிலில் இல்லை. அவருடைய குசினிக் குழாயிலிருந்து எங்கள் கூரையில் தண்ணீர் ஒழுகியது. மனைவி என்னை மேலே அனுப்பினாள். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். தமிழிலேயே அதிகம் கதைக்காதவன் ஆங்கிலத்தில் என்ன சொல்லுவேன்? கதவடியில் நின்று கூரையையும் தரையையும் மாறி மாறிக் காட்டினேன். அவர் சிரித்து, குழாயை அடைத்து, எனக்குத் தேநீர் ஊற்றினார். சுவரில் சாய்ந்திருந்த கிற்றாரை அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய ஊரில் இந்த மெட்டுகளை வயலினிலும் புல்லாங்குழலிலும் வாசிப்பார்களாம். கிற்றாரில் வாசித்தால் பழைய ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்களாம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசிப்பார். அப்போது எல்லாக் கம்பிகளும் சேர்ந்து காற்றடிக்கும் கரைபோல முழங்கும். குசினி மேசையில் பழைய ரெக்கோடரை வைத்து ஒவ்வொன்றாகப் பதிந்தார். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. பெயர் சொல்லாமல் ஒரு மெட்டையும் தொடமாட்டார். இதை யார் உருவாக்கியது என்று ஒருவருக்கும் தெரியாது, யார் எனக்குக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லாமல் வாசித்தால் அது களவு என்பார். கடிதம் கொண்டுவந்த தபால்காரர், சந்தையில் மாடு விற்றவர், இங்கே கட்டட வேலைக்கு வந்து சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவர், எல்லோருடைய பெயரும் அந்தக் கசற்றுகளில் இருக்கிறது. தன் பெயரை மட்டும் அவர் எங்கும் சொல்லவில்லை.

ஒருமுறை அவருடைய குசினிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் அம்பா பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். மன்னாரில் கரைவலை இழுக்கும்போது அப்பா முதல் அடியை எடுப்பார், மற்றவர்கள் இழுத்துக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார்கள். அன்ரி மறுபடியும் பாடச் சொன்னார். எனக்கு வெட்கம். சுவரைப் பார்த்துக்கொண்டு, தூரிகையைக் கீழே வைக்காமலே பாடினேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் கம்பிகளில் தேடிப் பிடித்தார். இது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். அப்பா என்றேன். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. இதை எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ரெக்கோடரைப் பக்கத்தில் இழுத்து, அப்பாவின் பெயரைச் சொல்லித்தரும்படி கேட்டார். பதிந்த பிறகு ஒரு பிரதி எடுத்து என் கையில் தந்தார்.

போன மாரியில் அன்ரி இறந்துவிட்டார். அவருடைய மருமகன் கசற்றுகளையெல்லாம் கம்பியூட்டரில் ஏற்றி, இணையத்திலும் போட்டு, கோயில் மண்டபத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார். இசை பளிங்குபோல வந்தது. கேத்தல் இல்லை. பாதத்தின் தாளம் இல்லை. அன்ரியின் குரலும் இல்லை. எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நித்திரை வராதவர்களுக்கு நல்லது என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பிறகு அம்பா வந்தது. திரையில் அதற்குப் பெயர் ‘பழைய கெல்ட்டியக் கடற்பாட்டு’, அயர்லாந்துப் பக்கத்துப் பழம்பாட்டாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழும்பினேன்.

“அப்பா, அவர் நல்லதுக்குத்தானே செய்தவர். சும்மா விடுங்கோ,” என்றாள் மகள்.

“வீட்டிலயே வாய் திறக்காத மனிசன், இஞ்ச வெள்ளைக்காரரோட என்ன கதைக்கப் போறார்?” என்றாள் மனைவி.

மருமகன் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. பேச்சு வந்தால் கேட்பவர்கள் போய்விடுவார்களாம், அதனால் இரைச்சல்களை எடுத்துவிட்டாராம். ஏற்றி முடிந்ததும் பழைய கசற்றுகளைக் குப்பையில் போட்டுவிட்டாராம்.

“அது இரைச்சல் இல்லையெண்டு சொல்லு. அது என்ர அப்பா,” என்று மகளிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இந்தக் கதை எதுவும் அவளுக்கு அதுவரை தெரியாது; இது அப்பா பாடிய அம்பா, அன்ரி அவருடைய பெயரைச் சொல்லித்தான் பதிந்தவர் என்றேன். பிறகு அவரிடம் திரும்பிச் சொன்னாள். நான் சொன்னது சில சொற்கள்தான். அவள் சொன்னது நீண்டது. அவருடைய முகம் சிவந்தது. வேண்டுமானால் அந்த மெட்டின் கீழ் ‘கொடுத்தவர் யாரென்று தெரியாது’ என்று போடலாம் என்றார்.

தெரியாதா? அன்ரி வாயால் சொன்னதைத் தன் கையால் வெட்டிவிட்டு, தெரியாது என்று எழுதுவதற்கு இவர் யார்? ஒருவருடைய குரலை எடுத்துவிட்டால் அது சுத்தமாகிவிடுமா? சாரத்திலிருந்து விழுந்தவருடைய ஆட்கள் எங்கேயோ இருப்பார்கள். அவர்களும் இதைக் கேட்டுக்கொண்டே நித்திரைக்குப் போவார்கள், தங்கள் மனிதர் அதற்குள் இருந்தார் என்று அறியாமல். வெட்டாமல் போடட்டும், இல்லாவிட்டால் என் அப்பாவின் மெட்டை எடுத்துவிடட்டும். இதை மகள் எழுதி அனுப்பினாள். எங்கள் கசற்றிலிருந்து முழுவதையும், கேத்தலிலிருந்தே, போனில் பதிந்து கூடவே அனுப்பினாள். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்போம்.

இன்றும் அந்தக் கசற்றைப் போட்டேன். மேல்மாடியில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கேத்தல் கொதித்தது, கதிரை நகர்ந்தது, அன்ரி செருமினார். கீழ்வீட்டுக்காரரிடமிருந்து இது எனக்கு வந்தது, அவருக்கு அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது, மன்னார்க் கரையில் வலை இழுத்தவர், பெயர் சவிரிமுத்து என்றார். அவருடைய வாயில் அந்தப் பெயர் தடுக்குகிறது. என்றாலும் ஓர் எழுத்தையும் அவர் விடவில்லை.