செம்பு ஏறிய பிள்ளைகள்

நிக்கொலோசா தன் தம்பியை இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தம்பி பாக்கீசியோவுக்குப் பதினேழு. வேண்டுமென்றே அடித்தாள். பின்னாளில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னாள்.

அதற்கு முந்தைய ஓராண்டில் அந்த வீடு வீடாகவே இல்லை. சாதுவாக இருந்த பையன், ரொட்டி கருகியதற்காகத் தாயின் முகத்தில் தட்டை விட்டெறிந்தான். பால் கறக்கையில் உதைத்த ஆட்டைக் கல்லால் அடித்தே கொன்றான். கை நடுங்கியது, நாக்குக் குழறியது. குடிக்கிறான் என்றது ஊர். தந்தை அந்தியோக்கோவும் அதையே நம்பி, ஆட்டுப்பட்டியில் வைத்து முதுகுத் தோல் உரியும்வரை தோல்வாரால் விளாசினார்.

"ஒரு சொட்டு கூடக் குடிக்கலப்பா" என்றான். பொய் வேறா என்று அதற்கும் சேர்த்து அடி விழுந்தது.

மே மாதம், ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் நாள். சாப்பிட உட்கார்ந்தவனின் கை நடுங்கி, சூப் மடியில் கொட்டியது. வேலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் ஆட்டுக் கத்தரியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். குறுக்கே வந்த தாயின் கழுத்தைப் பிடித்து நெரித்தான். விலக்கப்போன நிக்கொலோசாவின் முன்கையைக் கத்தரி கிழித்தது. அவள் கைக்கு எட்டியது இறைச்சி சுடும் கம்பி. ஓங்கி ஒரே போடு. குவித்திருந்த ரோமத்தின் மேல் விழுந்தான். வெள்ளை ரோமம் சிவந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். வயிற்றை அழுத்தினார், ஈரல் கல்லாக இருந்தது. ரத்தச் சோதனை முடிந்ததும் தந்தையையும் மகளையும் அழைத்தார்.

"உங்க பையன் குடிகாரன் இல்லைங்க. இது பிறவி நோய். சாப்பாட்டுல இருக்கற செம்புச் சத்தை அவன் ஈரலால வெளியே தள்ள முடியல. அது ஈரல்ல நிரம்பி மூளைக்கும் ஏறிடுச்சு. இந்தக் கோபமும் அதோட வேலைதான்."

அந்தியோக்கோ எழுந்து வெளியே போனார். மகனை வாரால் அடித்த கையைக் கதவு நிலையில் மோதினார். இரண்டு விரல்கள் முறிந்த பிறகுதான் அவரைப் பிடித்து நிறுத்த முடிந்தது.

பிறவி நோய் என்பதால் அக்காவையும் சோதித்தார்கள். நிக்கொலோசாவின் ரத்தத்திலும் அதே நோய் இருந்தது. இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அன்னிக்கு அவனை அடிச்சது நானா, இந்தச் செம்பா?" என்று கேட்டாள்.

"அம்மாவைக் காப்பாத்த யாரா இருந்தாலும் அடிச்சிருப்பாங்க" என்றார் டாக்டரம்மா. அவளுக்கு அது போதவில்லை.

இருவரும் செம்பை வெளியேற்றும் மாத்திரையை விழுங்கினார்கள்; ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். முதல் மாதங்களில் பாக்கீசியோவின் நடுக்கம் கூடியது. கட்டிலோடு கட்டிப்போட வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் கரண்டி கையில் நின்றது. சிரிக்கவும் செய்தான். பத்தாண்டு கழித்து ஒரு குளிர்காலத்தில், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இது?" என்று நினைத்து யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். மஞ்சள் காமாலை வந்தது. ரத்தமாக வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரி போகும் வழியில் அக்காவின் மடியில் உயிரை விட்டான்.

அதற்குப் பிறகு, எந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளையைக் குடிகாரன், வெறிபிடித்தவன் என்று சொன்னாலும் நிக்கொலோசா அங்கே போய் நின்றாள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு தகப்பன் தடியால் அடித்துத் துரத்தினான். தோள் வீக்கம் வடிந்ததும் மறுபடி அங்கேயே போனாள். வெறிபிடித்தவள் என்று பேரெடுத்த அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.