சுபானிக்கு அடைத்த மெல்லிய தோட்டாக்கள்

ஜசிந்தாவுக்குப் பதினொரு வருடமாக ஒரே ஒரு முறைப்பாடுதான் இருந்தது. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் இவ்வளவு தமிழ்ச் சனம் இருந்தும் ஒருவராவது துப்பாக்கி சுடும் சங்கத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே என்பது. ஹம் கோயில் தேரில் கண்டவர்களிடம் சொன்னாள், கேவலார் மாதா யாத்திரையில் கண்டவர்களிடமும் சொன்னாள். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த சனம் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பேச்சை மெல்ல மரக்கறி விலைக்கு மாற்றியது. பிறகு ஒருநாள் சுபானி வந்து சங்கத்தில் சேர்ந்தாள். முறைப்பாடு அன்றோடு தீர்ந்தது. நிம்மதியும் அன்றோடு தீர்ந்தது.

பகலில் ஜசிந்தா பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை செய்தாள். யாரோ ஒருவரின் கடைவாய்க்குப் போகிற பீங்கான் பல்லை மயிரிழை பிசகாமல் தேய்த்துக் கொடுப்பது அவள் தொழில். மாலையில் சங்கம். அங்கே அவள் 'எங்கள் ஜசி': பெரிய ரைபிள் சுடுகிற ஒரே பெண், வெடிமருந்து அனுமதி எடுத்துத் தன் தோட்டாக்களைத் தானே அடைத்துக்கொள்கிற ஒரு சிலரில் ஒருத்தி.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. முதன்முதலாகப் பெரிய ரைபிளைக் கையில் கொடுத்த நாளில், சங்கத்துக் கிழவர்கள் வழமையான முழு வீச்சுத் தோட்டாவையே கொடுத்துவிட்டு, அழுகிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோள் கத்தரிக்காய் நிறமாகியது. அந்த ஞாயிறு பூசையில் சிலுவை அடையாளம் போடக் கை எழும்பவில்லை. ஆனால் அவள் அழவில்லை. பியர் வாங்கிக் கொடுத்தார்கள். ஜசி அசையமாட்டாள் என்ற கதை அன்றே பிறந்தது. அவளும் அதை நம்பிவிட்டாள்.

சுபானி பஸ் ஓட்டுகிறவள், நாற்பத்து மூன்று வயது, சிரித்தால் மண்டபம் அதிரும். ஒரு வருடம் சின்னத் துவக்கில் பழகினாள். வந்த மாதமே மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தாள். சாப்பாடு கொண்டுவருகிற பெண்ணாகத் தன்னை ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்று இத்தனை வருடமும் வெறுங்கையோடு போய்வந்தவள் ஜசிந்தா. கிழவர்கள் விரலைச் சூப்பிக்கொண்டு 'சுபானி' என்று முழுப் பெயரும் சொல்லிப் பழகினார்கள். ஜசிந்தாவின் பெயரைப் பாதியாக வெட்டினவர்களும் அவர்கள்தான்.

தலைவர் உவே ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுபானி இனிப் பெரிய ரைபிள் சுடப்போகிறாள். உதைப்புக் குறைந்த தோட்டா கொஞ்சம் அடைத்துத் தருவாயா? எங்களுக்குள் நீதான் சுத்தமாகச் செய்கிறவள். முதல் நாளே தோள் நொந்தால் ஆள் திரும்பி வராது."

ஜசிந்தா தலையாட்டினாள். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கடைசி வசனம் அவளோடு கூடவே வந்தது.

"எனக்கு ஆர் செய்து தந்தது?" என்று கணவர் கொட்வினிடம் கேட்டாள். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தந்திருந்தா நீ வாங்கியிருப்பியோ?"

"அது வேற கதை."

"அப்ப ஏலாது எண்டு சொல்லிவிடன்."

"எரிச்சலிலை சொல்லுறன் எண்டு நினைப்பினம்."

"ஓ, எரிச்சல் இல்லையோ?"

"நீங்கள் மீனைப் பாருங்கோ. கையை வெட்டிப்போடாதேங்கோ."

நிலவறையில் அவளுடைய மேசை இருந்தது. மெல்லிய தோட்டா என்றால் மருந்தும் குறைவு, முனையில் வைக்கிற ஈயக் குண்டும் பாரம் குறைவு. கேட்க லேசாக இருக்கும். ஆனால் முழு வீச்சுத் தோட்டாவைவிட இதில்தான் கவனம் கூட வேண்டும். மருந்து தோட்டாவின் பித்தளைக் கோதின் அடியில் கொஞ்சமாகக் கிடப்பதால், தவறி இரண்டு தரம் போட்டாலும் நிரம்பி வழியாது. சுடும்போது ரைபிளே வெடித்தால்தான் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. ஆகவே ஒவ்வொரு கோதுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்தாள்.

பக்கத்திலேயே அவள் தனக்கென்று அடைத்த முழு வீச்சுத் தோட்டாப் பெட்டி இருந்தது. அதையே தூக்கிக் கொடுத்தால் என்ன? பிழையான தோட்டா இல்லையே. தனக்குக் கிடைத்ததுதானே அவளுக்கும் கிடைக்கும். நியாயம் என்றும் சொல்லலாம். இப்படியெல்லாம் மனம் வாதாடிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் நிறுத்து, ஊற்றி, அழுத்தி, வரிசையாக அடுக்கியது. பல் செய்து பழகின கைக்கு மோசமான வேலை செய்யத் தெரியவில்லை.

தான் சுட்டுப் பார்க்காத தோட்டாவை அவள் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. ஆகவே ஆளில்லாத ஒரு மாலையில் போய்த் தன் ரைபிளில் போட்டுச் சுட்டாள். குண்டு மெதுவாகப் போகிறபடியால் கீழே பட்டது. குறியை உயர்த்தினாள். அடுத்த ஐந்தும் ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றிக்குள் அடங்கின. இப்படி அவள் ஒருநாளும் சுட்டதில்லை. காரணம் தெரிய வெகுநேரம் எடுக்கவில்லை. இன்று கண் திறந்திருந்தது. தன் தோட்டாவைச் சுடும்போது, விசை விழுவதற்கு ஒரு கணம் முன்னமே கண் மூடிக்கொண்டது. பதினொரு வருடமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது.

அதற்குப் பிறகாவது மாறியிருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் மெல்லிய தோட்டாவின் சத்தமும் மெல்லியது. தடித்த புத்தகத்தை மேசையில் போட்டது போல ஒரு 'டப்'. அசையாத ஜசி பழகுகிற ஆட்களின் வெடியைச் சுடுகிறாள் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும். அவள் அந்த அருமையான தோட்டாக்களைச் சுபானியிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதையே சுட்டுக்கொண்டிருந்தாள். முன்பு தெரியாமல் மூடின கண்ணை இப்போது தெரிந்தே மூடினாள்.

"ஐயோ, இவ்வளவுதானோ? நான் பயந்து செத்தன்!" என்று சுபானி முதல் நாளே சிரித்தாள். மாதங்கள் போகப் போக அவளுடைய புள்ளிகள் ஏறின. இலையுதிர்காலத்தில் ஹனோவர்ச் சங்கத்தோடு நடக்கிற போட்டிக்கு மூன்று பேர் போவார்கள். அதில் ஒரு இடம் வருடாவருடம் ஜசிந்தாவினது. இந்த முறை அந்த இடத்துக்கு இரண்டு பெண்களும் சுட்டுத் தீர்க்கட்டும் என்றார் உவே. ஆளுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்குப் பத்து வெடி.

முதல் சுற்று முடிய ஜசிந்தா ஆறு புள்ளி பின்னால் நின்றாள். தோள் கொதித்தது. பக்கத்து மேசையில் தான் அடைத்த பெட்டி, இன்னொருத்தியின் கைக்கெட்டிய தூரத்தில், திறந்து கிடந்தது. அவள் எழுந்து போனாள்.

"சுபானி, உதிலை பத்துத் தோட்டா தாரும்."

"ஆருக்கக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கோ? இது பழகிற ஆக்களின்ர வெடியெண்டு போன கிழமையும் எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்களெல்லோ."

"சொன்னனான். இப்ப தாரும்."

"தோள் நோகுதோ?"

"தோளில்லை. கண் பூட்டுது." குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு வெடிக்கும்."

சுபானி சிரிக்கவில்லை. அது ஜசிந்தாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "எடுங்கோ. உங்கட சாமான்தானே. அவை சிரிச்சா நான் பொறுப்பில்லை."

ஜசிந்தா குறியை உயர்த்திக்கொண்டு சுடுவதற்குக் குப்புறப் படுத்தாள். முதல் 'டப்' கேட்டதும் உவே காதுக் கவசத்தைத் தூக்கி, ரைபிள் கெட்டுப்போச்சா என்று பார்த்தார். மற்றவர்களும் திரும்பினார்கள். முதுகில் அத்தனை பார்வையும் பட்டது, முகம் எரிந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. இரண்டாவது சுற்றில் ஐந்து புள்ளியைப் பிடித்துவிட்டாள். ஒன்று மிஞ்சியது. இடம் சுபானிக்குப் போனது.

உவே ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அந்த மாதிரி எனக்கும் கொஞ்சம் அடைத்துத் தர முடியுமா? தோளுக்கு ஒன்றுமில்லை, சத்தம்தான் காதுக்குக் கூடாது."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிழவர்கள், வேறு எதற்கோ வந்தவர்கள் போல நின்றார்கள்.

சுபானி வந்து குறுக்கே நின்றாள். குரலில் சிரிப்பைக் காணவில்லை.

"என்னக்கா இது? எல்லாருக்கும் அடைச்சுக் குடுத்தா எனக்கு எப்ப செய்வியள்? ஹனோவருக்கு வேணுமெல்லோ! அது எனக்கெண்டு செய்த வெடியெல்லோ!"

"பாப்பம், சுபானி," என்றாள் ஜசிந்தா, ரைபிளை ஆறுதலாகத் துடைத்தபடி. "இவை முதல் கேட்டிட்டினம்."

வென்றவளின் முகம் மெல்லக் கறுத்ததைப் பார்க்க, இடம் போன கவலை பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதி வீடுவரை கூடவே வந்தது.